இயல் 6: கரண்ட் போனாலும் நிற்காத பயிற்சி

ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் பயிற்சிக்கு வந்துவிட்டால், அன்று முழுவதும் ஐந்து வகுப்புகளையும் மற்றவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். வட்டார வள மையத்தில் 40 பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் புரொஜெக்டர் சரியாகட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தால், அந்த அரை மணி நேரம் 40 வகுப்பறைகளில் இருந்து எடுத்த நேரம். கருத்தாளராகப் போகிற ஒவ்வொருவரும் தயாரிப்பில் உட்காரும்போது முதலில் நினைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கடந்த சில ஆண்டுகளில் கருவிகள் நிறையவே வந்திருக்கின்றன. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடு இடம்பெற்றது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் கிளாஸ், ஆசிரியர் கைக்கு டேப்லெட் என்று வரிசையாக வந்தன. வருகைப் பதிவு முதல் எண்ணும் எழுத்தும் திட்ட மதிப்பீடு வரை செயலியில்தான் நடக்கிறது. இவை வந்ததில் நன்மை உண்டு. ஆனால் கருவி வந்த வேகத்துக்கு அதைத் தாங்கும் வயரிங்கும் இணைய இணைப்பும் பழுது பார்க்கும் ஆளும் எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை. பயிற்சி நடக்கும் இடத்திலும் இதே நிலைதான்.

அதனால் இந்த இயல் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: பயிற்சியின் கரண்ட் இல்லாத வடிவத்தை முதலில் எழுதுங்கள்; கருவியைப் பிறகு சேருங்கள். இப்படித் தயாரித்த பயிற்சி எல்லாம் ஒழுங்காக இயங்கும் நாளிலும் மற்றதைவிட நன்றாகவே நடக்கும். பங்கேற்கும் ஆசிரியர்கள் திரும்பிப் போகப்போவதும் கரண்ட் போய்ப் போய் வருகிற வகுப்பறைக்குத்தான் என்பதால், உங்கள் தயாரிப்பு முறையே அவர்களுக்கு ஒரு பாடமாகவும் அமையும்.

முதல் வரைவு: கருவி இல்லாத நாளுக்கு

பயிற்சித் தயாரிப்பு பெரும்பாலும் பி.பி.டி.யில்தான் தொடங்குகிறது. 30 ஸ்லைடு முடிந்தவுடன் பயிற்சியே தயாராகிவிட்டதாகத் தோன்றும். திரையில் எதுவும் வராத நாளில் கருத்தாளரிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இந்த வரிசையை மாற்ற வேண்டும்.

4, 5ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்குப் பின்னங்களை ஒப்பிடுவது பற்றி ஒரு நாள் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, மாலையில் ஆசிரியர் பஸ் ஏறும்போது எதைச் செய்யத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது. ‘பின்னம் குறித்த புரிதல் மேம்படும்’ என்று எழுதினால் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரியது என்று சொல்லும் குழந்தை ஏன் அப்படிச் சொல்கிறது என்று கண்டறிய இரண்டு கேள்விகள் கேட்கத் தெரிய வேண்டும், காகிதத்தை மடித்துப் பார்த்து அந்தக் குழந்தை தானே திருத்திக்கொள்ள வழி செய்யத் தெரிய வேண்டும்.’ இதற்கு என்ன வேண்டும்? ஒருபக்கம் எழுதிய பழைய தாள்கள், பென்சில், குழந்தையாக நடிக்க இன்னோர் ஆசிரியர், குழந்தைகள் உண்மையில் எழுதிய சில கணக்கு நோட்டுகள். பயிற்சியின் அடித்தளம் இந்த நான்கிலேயே கிடைத்துவிட்டது.

அடுத்து, நாளை அமர்வுகளாகப் பிரித்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் நேரம். இரண்டாவதில் ஆசிரியர்கள் என்ன செய்வார்கள் என்பது. கருத்தாளர் என்ன பேசுவார் என்பதை இங்கே எழுதாதீர்கள். மூன்றாவது பத்தியை வெறுமையாக விடுங்கள். நாள் முழுவதும் திட்டமாகி, கருவி இல்லாமலே நடத்திவிடலாம் என்ற உறுதி வந்தபின் மூன்றாவது பத்திக்கு வாருங்கள். ஒவ்வோர் அமர்விலும், கருவி இங்கே வேறு எதனாலும் தர முடியாத எதைத் தரும் என்று கேளுங்கள்.

சில இடங்களில் உறுதியான விடை கிடைக்கும். ஒரு குழந்தை திக்கித் திக்கி வாசிக்கும் குரலைக் கேட்டு, அது எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நிலைகளில் அரும்பா, மொட்டா, மலரா என்று 40 பேரும் சேர்ந்து விவாதிக்க ஒலிப்பதிவு வேண்டும். குழந்தையின் நோட்டில் உள்ள ஒரு பிழையை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்க அதைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். நிலவின் பிறைகள், இரத்த ஓட்டம் போன்றவற்றுக்கு அசையும் படம் பெரிய உதவி. பயிற்சியின் நோக்கங்கள், நிகழ்ச்சி நிரல், வரையறைகள், குழு வேலைக்கான கேள்விகள் ஆகியவற்றுக்குத் திரை தேவையே இல்லை. சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினால் நாள் முழுக்கக் கண்முன் இருக்கும். ஸ்லைடு என்றால் அடுத்தது வந்தவுடன் மறைந்துவிடும்.

இந்த வழி தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் புதிதும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், ஒரு பிளக் பாயின்ட்டைக்கூட நம்பி இருக்கவில்லை. கற்றல் அட்டை, ஏணிப்படி, கீழ்மட்டக் கரும்பலகை, குழந்தைகளின் படைப்பைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் என்று எல்லாம் கையால் ஆன கருவிகள். அந்த வகுப்பறையில் பாடம் நடத்திய அனுபவசாலிகள் உங்கள் பயிற்சி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பேசச் சொல்லுங்கள். பயிற்சி அறையிலும் ஒரு கம்பிப் பந்தல் கட்டிக் குழுக்களின் தாள்களைத் தொங்கவிடுங்கள்.

இடத்தை முன்கூட்டியே போய்ப் பாருங்கள்

பயிற்சி அறையை ஒரு வாரம் முன்னதாக நேரில் பார்ப்பது அவசியம். போனில் கேட்டால் ‘எல்லாம் இருக்கு சார், வாங்க’ என்றுதான் பதில் வரும். இருப்பது வேறு, இயங்குவது வேறு.

முதலில் மின்சாரம். துணை மின் நிலையங்களில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஷட்டவுன் எடுப்பது வழக்கம். காலை 9 மணிக்கு நிறுத்தினால் பிற்பகல் 2 மணிக்கோ மாலை 5 மணிக்கோதான் வரும். நாளிதழில் அறிவிப்பு பெரும்பாலும் முந்தின நாள்தான் வெளிவரும். அதற்குள் ஆசிரியர்களுக்குப் பணி ஆணை போயிருக்கும். எனவே தேதியை முடிவு செய்யும் முன்பே உள்ளூர் மின்வாரிய அலுவலகத்திலோ தெரிந்த லைன்மேனிடமோ கேட்டுவிடுங்கள். ஷட்டவுன் நாள் என்று தெரிந்தால் தேதியை மாற்றலாம். மாற்ற முடியாமல், 2 மணிக்கே கரண்ட் வரும் என்றால் கருவி வேண்டிய அமர்வை அதற்குப் பிறகு தள்ளலாம்.

போன் சார்ஜர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அறையில் உள்ள ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் செருகிப் பாருங்கள். வேலை செய்யும் பாயின்ட் பக்கத்தில் ஒரு சாக்பீஸ் குறி போடுங்கள். புரொஜெக்டர் வைக்கும் இடத்துக்கும் அந்த பாயின்ட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து, அதற்கேற்ற நீளத்தில் ஜங்ஷன் பாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வெளிச்சம். பயிற்சி நடக்கும் அதே நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. கிழக்கு ஜன்னல் வழியே வரும் காலை வெயிலில் திரையில் எதுவும் தெரியாமல் போகலாம். ஒரு ஸ்லைடைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். உங்களால் படிக்க முடியாததை அங்கே உட்காரப்போகிறவரும் படிக்க முடியாது. ஒலியையும் அங்கிருந்தே கேளுங்கள். லேப்டாப்பின் ஸ்பீக்கர் 40 பேர் உள்ள அறைக்கு, அதுவும் மின்விசிறிகள் ஓடும்போது, எட்டவே எட்டாது.

மூன்றாவது, சாவியும் கடவுச்சொல்லும். ஹைடெக் லேபில் நடத்துவதாக இருந்தால் சாவி யாரிடம் உள்ளது, அன்று அவர் பள்ளியில் இருப்பாரா, கணினியைத் திறக்கும் கடவுச்சொல் வேறு யாருக்குத் தெரியும் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லாமல் சாவியால் மட்டுமே தாமதமாகும் பயிற்சிகள் உண்டு.

நான்காவது, பலரும் யோசிக்காதது: தண்ணீர். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது; டேங்க் காலியானால் கழிப்பறையில் தண்ணீர் இருக்காது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலை 7 மணி பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் மாலைவரை அங்கேயே இருக்க வேண்டும். முந்தின நாள் மாலையே டேங்கை நிரப்பிவிடச் சொல்லுங்கள். காற்று வரும் வராண்டாவோ மர நிழலோ பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்விசிறி நின்றவுடன் குழு வேலைக்கு அங்கே போய்விடலாம்.

யு.பி.எஸ். இருக்கிறது என்ற நம்பிக்கையில் திட்டம் போடாதீர்கள். சிறிய யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுதான் இருக்கும். அதாவது 84 வாட்-மணி. 250 வாட் புரொஜெக்டர் ஒன்றை இதில் இணைத்தால் கணக்குப்படியே 20 நிமிடம்தான் வரும். பழைய பேட்டரியில் அதில் பாதிகூடக் கிடைக்காது. கோப்பைச் சேமித்துக் கணினியை முறையாக அணைக்க யு.பி.எஸ். போதும், பயிற்சி நடத்தப் போதாது.

கோப்புகளைத் தயார் செய்தல்

உங்கள் லேப்டாப்பில் அழகாகத் தெரியும் ஸ்லைடு பயிற்சி அறையில் உள்ள கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை அரசாணை வழியாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் உள்ள கட்டகங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருங்குறியில் தயாரியுங்கள். கூடவே ஒரு பி.டி.எஃப். பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். அரசு வழங்கிய கணினிகள் சிலவற்றில் பாஸ் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் இருக்கும். அவற்றில் பி.பி.டி. வரிசை கலைந்து திறக்கலாம், பி.டி.எஃப். அப்படியே திறக்கும்.

யூடியூப் இணைப்பை ஸ்லைடில் ஒட்டி வைத்துக்கொண்டு காணொலி தயார் என்று எண்ண வேண்டாம். காணொலி உங்கள் கையில் கோப்பாக இருக்க வேண்டும். திக்‌ஷா செயலியில் உள்ள பாடங்களை முன்கூட்டியே பதிவிறக்கி, இணையம் இல்லாமல் பார்க்க முடியும். மற்ற காணொலிகளை எம்.பி.4 வடிவில் வையுங்கள், பெரும்பாலான டி.வி.களிலும் டேப்லெட்டுகளிலும் அது ஓடும். 20 நிமிடக் காணொலியில் உங்களுக்கு வேண்டியது மூன்று நிமிடமாகத்தான் இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவை எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மேட் செய்தால் பழைய ஸ்மார்ட் டி.வி.களும் படிக்கும், ஆனால் 4 ஜி.பி.க்கு மேல் உள்ள ஒரே கோப்பை அதில் வைக்க முடியாது. பள்ளிக் கணினிகளில் வைரஸ் சாதாரணம். ஒரு கணினியில் செருகிய பென்டிரைவை அப்படியே உங்கள் லேப்டாப்பில் செருகாதீர்கள். எல்லாக் கோப்புகளையும் இரண்டு பென்டிரைவிலும் உங்கள் போனிலும் வைத்திருங்கள். பென்டிரைவைப் போனில் இணைக்கும் ஓ.டி.ஜி. முனை விலை குறைவு, பயன் அதிகம்.

வயர்களில் இரண்டைக் கவனிக்க வேண்டும். பழைய புரொஜெக்டரில் வி.ஜி.ஏ. துளை மட்டும் இருக்கும். புதிய லேப்டாப்பில் ஹெச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்கும். மாற்று முனை இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. வி.ஜி.ஏ. வழியே படம் மட்டும்தான் போகும், ஒலி போகாது. அதற்குத் தனி ஆடியோ வயரும், சார்ஜ் செய்யக்கூடிய ஒரு ஸ்பீக்கரும் எடுத்துச் செல்லுங்கள்.

இணையத்தை நம்பும் முன் ஒரு கணக்கு

‘எல்லோரும் இந்தச் செயலியை இப்போது டவுன்லோடு பண்ணிக்குங்க’ என்று சொல்லும் முன் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். செயலியும் அதன் கோப்புகளும் சேர்ந்து 200 எம்.பி. என்றால் 40 பேருக்கு 8,000 எம்.பி. மையத்தின் இணைய வேகம் நொடிக்கு 10 மெகாபிட், அதாவது 1.25 எம்.பி. என்று கொள்வோம். ஒரு தடையும் இல்லாமல் முழு வேகம் கிடைத்தாலும் 6,400 நொடி, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். காலை அமர்வு அதிலேயே முடிந்துவிடும்.

எனவே பதிவிறக்கம் எதையும் பயிற்சி அறைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப் குழுவில் சொல்லி, வீட்டிலேயே செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். எல்லோரும் செய்திருப்பார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். போனில் இடமில்லாதவர், ஊரில் டவர் இல்லாதவர், வீட்டு வேலையில் நேரம் கிடைக்காதவர் இருப்பார்கள். காலை வருகைப் பதிவின்போதே யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று கேட்டு, இருப்பவரையும் இல்லாதவரையும் இணையாக உட்கார வையுங்கள்.

கோப்புகளைப் பகிர இணையமே தேவையில்லை. ஐந்து குழுக்களுக்கு ஐந்து பென்டிரைவ் கொடுத்தால் தேநீர் இடைவேளைக்குள் எல்லோருக்கும் போய்ச் சேரும். பக்கத்தில் உள்ள போனுக்கு நேரடியாக அனுப்பும் குயிக் ஷேர் போன்ற வசதிகளும் உண்டு. கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு லேப்டாப்பில் நிறுவி, இணைப்பே இல்லாத சாதாரண வைஃபை ரவுட்டர் ஒன்றை வைத்தால், அறையில் உள்ள போன்கள் அந்த லேப்டாப்பில் உள்ள பாடங்களைப் பார்க்கலாம். இதை நிறுவ முன்கூட்டியே ஒரு நாள் ஒதுக்கிச் சோதித்துப் பார்க்க வேண்டும். பயிற்சி நாளன்று முதல்முறையாக முயலக் கூடாது.

வருகைப் பதிவு, முன்தேர்வு, பின்னூட்டம் மூன்றுக்கும் தாள் பிரதி வைத்திருங்கள். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் தாளில் வாங்கிவிட்டு, டவர் கிடைக்கும் இடத்தில் ஒருவர் பதிவேற்றிக்கொள்ளலாம். 40 பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நிற்க வேண்டியதில்லை.

காணொலிக்கு மாற்று: உரையாடல் தாள்

பயிற்சியில் அதிகம் பயன்படும் கருவி வகுப்பறைக் காணொலி. அது ஓடாவிட்டால் என்ன செய்வது என்பதற்குக் கைவசம் ஒரு வழி இருக்க வேண்டும். காணொலியில் உள்ள முக்கியமான இரண்டு நிமிடப் பேச்சைக் கேட்டு அப்படியே தாளில் எழுதி, இருவருக்கு ஒன்று என்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 40 பேருக்கு 20 தாள். பின்னப் பயிற்சிக்கு அது இப்படி இருக்கலாம்:

ஆசிரியர்: மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு. எது பெருசு?
மாணவி: நாலுல ஒண்ணு சார்.
ஆசிரியர்: எப்படிச் சொல்ற?
மாணவி: மூணைவிட நாலு பெருசுதானே சார்.
ஆசிரியர்: சரி. ஒரு கடலைமிட்டாய் இருக்கு. மூணு பேர் சமமாப் பிரிச்சுக்கிட்டா உனக்கு நிறையக் கிடைக்குமா, நாலு பேர் பிரிச்சுக்கிட்டா நிறையக் கிடைக்குமா?
மாணவி: மூணு பேர் பிரிச்சாத்தான் சார்... (யோசிக்கிறாள்)

தாளை இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடுத்து ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும் என்று இருவர் இருவராக எழுதச் சொல்லுங்கள். பலர் உடனே விதியைச் சொல்லிவிடுவார்கள்: ‘பகுதி பெருசானா பின்னம் சின்னது.’ சிலர் காகிதத்தைக் கொடுத்து மடிக்கச் சொல்வார்கள். ஒரு சிலர் எதுவும் சொல்லாமல் காத்திருப்பேன் என்று எழுதுவார்கள். மூன்றையும் கம்பிப் பந்தலில் தொங்கவிட்டு, எதில் அந்த மாணவி தானாகக் கண்டுபிடிக்கிறாள் என்று விவாதியுங்கள். பிறகு ஒருவர் ஆசிரியராகவும் ஒருவர் மாணவியாகவும் நடித்துக் காட்டட்டும்.

காணொலியில் மாணவியின் அந்தத் தயக்கம் ஒரு நொடியில் கடந்து போய்விடும். தாளில் அது கண்ணெதிரே நிற்கிறது. திரும்பத் திரும்பப் படிக்கலாம், விரல் வைத்துக் காட்டலாம். அதனால் மின்சாரம் இருக்கும் நாளிலும் தாளை முதலில் கொடுங்கள், காணொலியைப் பிறகு போடுங்கள். தாங்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவலில் ஆசிரியர்கள் அதைக் கூர்ந்து கவனிப்பார்கள்.

கரண்ட் போகும் அந்த நிமிடம்

கருவியைப் பார்த்துக்கொள்ள இணைக் கருத்தாளர் ஒருவரை முதலிலேயே நியமித்துவிடுங்கள். பழுதானால் அதைப் பார்ப்பது அவர் வேலை. நீங்கள் ஆசிரியர்களைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். கருத்தாளர் முதுகைக் காட்டிக்கொண்டு வயரைப் பிடித்து ஆட்டத் தொடங்கினால் அறையின் கவனம் சிதறிவிடும். அதைத் திரும்பப் பிடிக்க நெடுநேரமாகும்.

காத்திருப்பதற்கு இரண்டு நிமிடம்தான் எல்லை. அதற்குமேல், ‘கரண்ட் வந்ததும் இதைப் பார்த்துக்கலாம். கையில இருக்கிற இரண்டாம் தாளை எடுங்க’ என்று சொல்லி அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள். மன்னிப்பு, விளக்கம், வருத்தம் எதுவும் வேண்டியதில்லை. இணைக் கருத்தாளர் உடனே புரொஜெக்டரின் சுவிட்சை அணைக்க வேண்டும். கரண்ட் திரும்ப வரும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கருவியைக் கெடுக்கலாம். விளக்கு உள்ள பழைய வகைப் புரொஜெக்டர் என்றால், கரண்ட் போனதும் குளிர்விக்கும் விசிறியும் நின்றுவிடும். சூடு ஆறச் சில நிமிடம் விட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

காணொலியைக் கட்டாயம் காட்டியே ஆக வேண்டுமென்றால் சுழற்சி முறை கைகொடுக்கும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. 40 பேரை எட்டெட்டுப் பேராக ஐந்து குழுவாக்கி ஐந்து மேசை போடுங்கள். ஒரு மேசையில் லேப்டாப்பில் காணொலி. மற்ற நான்கில் காகித மடிப்பு, குழந்தைகளின் நோட்டுத் திருத்தம், உரையாடல் தாள், பாடத்திட்டம் எழுதுதல். ஒவ்வொரு மேசைக்கும் 12 நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள்.

கரண்ட் வந்தவுடன் செய்துகொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் திரைக்கு ஓடாதீர்கள். நடக்கும் வேலை முடியட்டும். காணொலி இன்னும் தேவைதானா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிறகு, நடந்ததையே பத்து நிமிடப் பாடமாக்குங்கள். ‘உங்க ஸ்மார்ட் கிளாஸ்ல பாடம் நடக்கும்போது இப்படி ஆனா என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள். அடுத்த வாரம் நடத்தப்போகும் ஒரு பாடத்தை எடுத்து, திரை இல்லாவிட்டால் எப்படி நடத்துவேன் என்று ஒவ்வொருவரும் நான்கு வரி எழுதட்டும். 40 மாற்றுத் திட்டங்கள் சேர்ந்துவிடும். அவற்றைப் படமெடுத்துக் குழுவில் பகிர்ந்தால் வட்டாரம் முழுவதற்கும் பயன்படும்.

செயலியையே கற்பிக்க வேண்டியிருந்தால்

பயிற்சியின் பொருளே ஒரு செயலி என்றால் கருவி இல்லாமல் முடியாதே என்ற கேள்வி எழும். முழுவதும் முடியாது, பெரும்பகுதி முடியும்.

செயலியின் ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அரைத்தாள் அளவில் அச்சிட்டு அட்டையாக்குங்கள். அட்டையில் வரிசை எண் போடாமல் கலைத்துக் குழுவிடம் கொடுத்து, எந்தத் திரைக்குப் பின் எது வரும் என்று அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கும்போதே எங்கே தொட வேண்டும், எதைச் சமர்ப்பித்தால் திரும்பப் பெற முடியாது என்ற பேச்சு தானாக வரும். அதன்பின் ஐந்து ஐந்து பேராகப் போனில் செய்து பார்த்தால் இணையச் சுமையும் குறையும்.

அமர்வின் கடைசி கால் பகுதியைச் செயலி இயங்காத நேரத்துக்கு ஒதுக்குங்கள். இணைப்பு இல்லாதபோது எது வேலை செய்யும், பதிவு உள்ளே போனதா என்று எப்படி உறுதி செய்வது, பிழைச் செய்தி வந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கு அனுப்புவது, கடவுச்சொல் மறந்தால் யாரை அணுகுவது என்பவற்றைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். ஆசிரியருக்கு மறுநாள் காலை முதலில் தேவைப்படப்போவது இதுதான்.

போனைக் கையாளத் தயங்கும் மூத்த ஆசிரியர்களிடம் மிகுந்த மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். அவர்கள் கையிலிருந்து போனை வாங்கி நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். நேரமானாலும் அவர்கள் விரலாலேயே நடக்கட்டும். இளைய ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால், அவர் செயலியைச் சொல்லித்தருவார். வகுப்பை நடத்தும் நுணுக்கத்தை மூத்தவரிடம் கற்றுக்கொள்வார்.

பயிற்சி முடிந்த பின்

பழுதுகளை எழுதிவைக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் போதும்: தேதி, அறை, எது இயங்கவில்லை, எத்தனை நிமிடம் போயிற்று, யாரிடம் சொல்லப்பட்டது. ‘நெட் சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லும் குறை எந்த மேசையிலும் நிற்காது. ‘காலை 10.20 முதல் 11.05 வரை இணைப்பு இல்லை. ரவுட்டரில் சிவப்பு விளக்கு. 40 ஆசிரியர்களின் மதிப்பீடு பதிவாகவில்லை’ என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். பிரதி ஒன்றை மையத்தின் மேற்பார்வையாளரிடமும் இன்னொன்றைத் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். அடுத்து வரும் கருத்தாளருக்கும் அந்தப் பக்கம் உதவும்.

முந்தின நாள் இரவு சரிபார்க்க வேண்டியவை:

1. கருவி இல்லாத முழு நாள் திட்டம், தாளில்.
2. உரையாடல் தாள், குழு வேலைத் தாள், வருகைத் தாள், பின்னூட்டத் தாள்: தேவைக்கு ஐந்து கூடுதலாக.
3. சார்ட், மார்க்கர், சாக்பீஸ், கயிறு, கிளிப், பழைய தாள்கள்.
4. முழுதும் சார்ஜ் ஏறிய லேப்டாப், போன், ஸ்பீக்கர், பவர் பேங்க். லேப்டாப்பின் அப்டேட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.
5. கோப்புகள் இரண்டு பென்டிரைவில், பி.டி.எஃப். பிரதியோடு.
6. ஜங்ஷன் பாக்ஸ், ஹெச்.டி.எம்.ஐ. வயர், வி.ஜி.ஏ. மாற்று முனை, ஆடியோ வயர், ஓ.டி.ஜி. முனை.
7. சாவி வைத்திருப்பவரின் போன் எண்; டேங்க் நிரம்பியதா என்ற உறுதி.

இந்தத் தயாரிப்புக்கு ஒரு முழு நாள் கூடுதலாகச் செலவாகும். அதைச் செலவிடத் தயங்காதீர்கள். கருவிகளைப் பராமரிப்பதற்கு நிதியும் ஆளும் ஒதுக்குவது அரசின் கடமை. அதை எழுத்தில் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்போம். அது நிறைவேறும்வரை பயிற்சி காத்திருக்க முடியாது. ஆசிரியரும் கருத்தாளரும் பழுது பார்ப்பவர்கள் இல்லை. நம் வேலை கற்பித்தல். அந்த வேலைக்கு முதல் தேவை நன்றாக யோசித்த ஒரு கேள்வியும், அதைக் கேட்க ஒரு குழந்தையும்தான். உங்கள் அடுத்த பயிற்சித் திட்டத்தை எடுங்கள். மூன்றாவது பத்தியை வெறுமையாக விட்டு, இன்றே எழுதத் தொடங்குங்கள்.